கரிசல் சீமையில் கதாசிரியனின் சாதனங்கள்

கதை எழுதப் பழகுகிறவர்கள் முதலில் தேடுவது, கதை எழுதும் முறையைக் கற்பிக்கும் ஒரு நூலையே. அந்த நாட்டத்துக்கு விடையளிக்க முயன்ற நூல்கள் தமிழில் இல்லாமல் இல்லை. பல எழுத்தாளர்களின் அனுபவக் கட்டுரைகளைத் திரட்டி மகரம் ‘எழுதுவது எப்படி?’ என்ற தொகுப்பை வெளியிட்டார், அகிலன் ‘கதைக் கலை’ எழுதினார், ரா. கி. ரங்கராஜன் பத்திரிகை அலுவலகத்தில் நெடுங்காலம் பிறர் கதைகளைப் படித்துத் தேர்ந்த பழக்கத்தைக் கொண்டு கதை எழுதும் வித்தையைப் பாடமாகவே நடத்தினார், சி. சு. செல்லப்பாவின் ‘தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது’, முன்னோடிகளின் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துக் காட்டி, படிப்பவனுக்கே எழுதும் புத்தியையும் உண்டாக்க வல்லது. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், கதையின் ஆரம்பம், முடிச்சு, உச்சம், முடிவு ஆகியவற்றை எடுத்துரைக்கும் இந்நூல்கள், ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட வருஷத்தில், ஒரு குறிப்பிட்ட தொழிலைச் செய்யும் மனிதன் கோபம் வந்தால் என்ன சொல்வான், அவன் வீட்டில் அன்று என்ன சமைத்தார்கள், யாருக்குப் பயந்து எந்தத் தெருவழியே போகாமல் சுற்றிப் போனான் என்பனவற்றைச் சொல்ல மாட்டா. கதைக்கு ஜீவன் தருபவை இவையே என்பதும், இவற்றைத் தரும் சாதனங்கள் ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் அவற்றைச் சூழ்ந்த கரிசல் பிரதேசத்தையும் பொறுத்தமட்டில் அபூர்வமான செழிப்போடு கிடக்கின்றன என்பதும், அவற்றைக் கதாசிரியனின் கண்கொண்டு தேடுகிறவர்கள் போதிய அளவு இல்லை என்பதும் என் துணிபு.

கதை எழுதுவதை வகுப்பு வைத்துக் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்குத் தமிழர் வரலாற்றிலேயே ஓர் உரைகல் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் மலேயாவில் ‘தமிழ் நேசன்’ நாளிதழ் வாயிலாகச் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ ஒன்றை நடத்தினர். ரப்பர்த் தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும் சிதறிக் கிடந்த இளைஞர்கள் பாடங்களைப் பத்திரிகையில் படித்து, பயிற்சிகளை எழுதி அனுப்பினர். பிற்கால மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் பலர் அந்த வகுப்பிலிருந்து புறப்பட்டவர்களே. அதே நாளிதழில் 1953 முதல் சில ஆண்டுகள் பணியாற்றிய கு. அழகிரிசாமி, தம்மைச் சுற்றி ஓர் இலக்கிய வட்டத்தைக் கூட்டி, எழுதியதை வாசிக்கச் செய்து, குறைகளை முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்லும் பழக்கத்தை வளர்த்தார். வகுப்பு எழுதும் துணிவைத் தந்தது. வட்டம் எழுதியதைச் சந்தேகிக்கக் கற்றுத் தந்தது. இரண்டில் எது அரியது என்று என்னைக் கேட்டால், இரண்டாவதையே சொல்வேன்.

அந்த அழகிரிசாமி கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் கரிசல் கிராமத்தில் 1923-ஆம் ஆண்டு பிறந்தவர். அதே கிராமத்தில் அதே ஆண்டில் பிறந்த இன்னொருவர் கி. ராஜநாராயணன். அழகிரிசாமி வேலையின் நிமித்தம் சென்னைக்கும் கடல் கடந்தும் சென்றபின், ஊரிலேயே விவசாயியாகத் தங்கிவிட்ட ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாக வெளிவந்தன. புத்தகங்களைப் பற்றியும் சங்கீதத்தைப் பற்றியும் தம் வறுமையைப் பற்றியும் ஒரு நண்பர் மற்றொரு நண்பருக்கு ஒளிவுமறைவின்றி எழுதிய அக்கடிதங்களில், எந்த உரைநூலிலும் இல்லாத ஒரு கல்வி இருக்கிறது. ரசனை என்பது மனிதனுக்குள் எவ்வாறு படிப்படியாக உருக்கொள்கிறது என்பதை அவை காட்டுகின்றன. ராஜநாராயணனின் முதல் சிறுகதையாகிய ‘மாயமான்’ 1958-இல் ‘சரஸ்வதி’ இதழில் வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தை நெருங்கியிருந்தது. அதுவரையிலான காலம் வீணானதென்று யாரும் கருத வேண்டாம். கேட்பதிலும் படிப்பதிலும் நண்பருடன் விவாதிப்பதிலும் கழிந்த அந்த நெடிய ஆயத்தமே பிறகு ‘கோபல்ல கிராமம்’ என்னும் நாவலாக விளைந்தது.

இனி, கதாசிரியர்களுக்கு இந்தப் பிரதேசம் அளித்த தலையாய கருவிநூல் என்று நான் கருதுவதைக் குறித்துச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ராஜநாராயணன் நண்பர்கள் பலரின் துணையோடு சொற்களைத் திரட்டி, 1982-இல் ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’யை வெளிக்கொணர்ந்தார். பல்கலைக்கழகமோ பண்டிதர் குழுவோ செய்திருக்க வேண்டிய பணியைக் கிராமத்துச் சம்சாரியாகிய ஒரு கதாசிரியர் செய்தார் என்பது வியப்புக்குரியதுதான்; ஆனால் அதைவிடக் கவனத்துக்குரிய செய்தி, அவர் காட்டிய வழியைப் பின்பற்றி 2000-இல் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யைத் தொகுத்த பெருமாள்முருகனும், ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யைத் தொகுத்த கண்மணி குணசேகரனும் நாவலாசிரியர்களே என்பது. அகராதி தொகுப்பது நாவல் எழுதுவதற்குப் புறம்பான வேலையன்று; அந்த வேலையின் முதற்பாதி அது என்பதை இம்மூவரும் செயலால் நிரூபித்திருக்கிறார்கள்.

வட்டார அகராதியைக் கதாசிரியன் எவ்வாறு பயன்படுத்துவது? உரையாடலுக்கு நிறம் ஏற்றுவதற்காக நாலு சொற்களைப் பொறுக்கி எடுத்துத் தூவுவது அதன் பயன்களுள் மிகக் கடைசியானது. பல வேளைகளில் அது கதைக்குத் தீங்கும் செய்யும். ஒரு ஜனசமூகம் எவற்றையெல்லாம் வேறுபடுத்திப் பார்க்கிறது என்பதை அந்த அகராதி காட்டுகிறது. நகரவாசி மழை என்று ஒரே சொல்லால் சொல்லிவிட்டுப் போகும் இடத்தில், மானாவாரி நிலத்தை நம்பி வாழ்கிறவன் பெய்த விதத்தையும் நேரத்தையும் ஈரம் இறங்கிய ஆழத்தையும் வெவ்வேறாகக் குறிக்கிறான். மாட்டின் நிறத்துக்கும் கொம்புக்கும் சுழிக்கும் அவனிடம் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அடுப்புக்குப் பருத்திமார் எரிகிறதா, கம்பந்தட்டை எரிகிறதா என்பது அவனுக்கு ஒன்றல்ல. இந்த வேற்றுமைகளை அறிந்த எழுத்தாளன் அந்த நிலத்தை வேறு கண்ணால் பார்க்கிறான். அறியாதவன் எத்தனை அழகாக வர்ணித்தாலும் ரயில் ஜன்னலிலிருந்து பார்த்ததையே வர்ணிக்கிறான்.

அகராதி ஒரு நடையைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. ராஜநாராயணனின் கதைகளில் கதை சொல்லுகிறவனும் ஊர் மடத்தில் உட்கார்ந்து பேசுகிற ஒருவனே. வர்ணனையும் சம்பாஷணையும் ஒரே குரலில் இழைகின்றன. அழகிரிசாமியோ, ‘ராஜா வந்திருக்கிறார்’, ‘அன்பளிப்பு’ போன்ற கதைகளில், எங்கும் உள்ள வாசகனுக்கு விளங்கும் தெளிந்த பொதுநடையில் கதையை நடத்துகிறார். ஒரே ஊர், ஒரே வயது, ஒரே மொழிச்சூழல். நடை மட்டும் இரு துருவங்கள். ஆகையால், வட்டார வழக்கைப் பயின்றால் அதிலேயே சிறைப்பட நேரிடும் என்று அஞ்சுகிற இளைஞர்களுக்கு இவ்விருவரையும் அடுத்தடுத்து வாசிக்குமாறு சொல்வேன்.

இடைசெவலுக்கு வடமேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ராஜபாளையம். ராஜூக்கள் என்னும் சமூகத்தார் வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழுமாக வாழ்ந்துவரும் இந்த ஊரில், இருமொழிச் செவி என்பது பிறப்போடு வரும் செல்வம். அதை முழுதும் பயன்படுத்தியவர் 1933-இல் இங்கே பிறந்த மு. கு. ஜகந்நாத ராஜா. தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம், பிராகிருதம் முதலிய மொழிகளில் தோய்ந்து, பிராகிருத ‘காதா சப்தசதி’யைத் தமிழாக்கிய அவர், கிருஷ்ணதேவராயர் பதினாறாம் நூற்றாண்டில் தெலுங்கில் இயற்றிய ‘ஆமுக்தமால்யதா’வையும் தமிழுக்குக் கொணர்ந்தார், அம்மொழிபெயர்ப்பு சாகித்திய அகாதெமியின் பரிசைப் பெற்றது. அக்காவியத்தின் களம், அவர் பிறந்த ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர். அதன் நாயகர்கள் பெரியாழ்வாரும் ஆண்டாளும்.

பக்தி நூலாகிய இதைக் கதாசிரியனின் சாதனங்களோடு சேர்ப்பது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆனால் அதில் விஷ்ணுசித்தராகிய பெரியாழ்வாரின் வீட்டில் அடியார்களுக்கு அமுது படைக்கும் பகுதியைப் படித்தவர்கள் என்னோடு உடன்படுவார்கள். மழைக்காலத்துக்கு ஒருவகை உணவு, பனிக்காலத்துக்கு வேறொரு வகை, வேனிலுக்குக் குளிர்ச்சியான பிறிதொரு வகை என்று பருவந்தோறும் மாறும் பந்தியைச் சக்கரவர்த்தியாகிய கவி எழுதிக்காட்டுகிறார். விறகெல்லாம் நனைந்து கிடக்கும் மழைநாளில் தேங்காயின் உலர்ந்த கழிவை எரித்துச் சமைப்பதைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. விஜயநகரத்துச் சிங்காசனத்தில் அமர்ந்திருந்தவர், தம் மொழி பேசாத ஒரு தமிழூரின் ஏழைப் பக்தர் வீட்டு அடுப்பில் என்ன எரிந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டார். வரலாற்றுக் கதை எழுதுகிறவர்கள் அரண்மனையின் தூண்களையும் வாட்களின் ஒளியையும் எழுதுவதில் செலவிடும் சிரத்தையில் கால்பங்கையாவது இத்தகைய கேள்வியில் செலவிட்டால் எவ்வளவோ நன்றாயிருக்கும் என்பது என் நெடுநாளைய ஆதங்கம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரத்தையும் பால்கோவாவையும் நாடி வருகிறவர்களில் எத்தனை பேர் பென்னிங்டன் நூலகத்தின் வாசலை மிதிக்கிறார்களோ அறியேன். 1875-இல் நிறுவப்பட்ட இது, தமிழ்நாட்டின் மிகப் பழைய பொது நூலகங்களுள் ஒன்று. அதன் பெயரிலேயே ஆய்வாளனுக்கு ஓர் உளவு பொதிந்திருக்கிறது. பென்னிங்டன் என்பவர் திருநெல்வேலி மாவட்டக் கலெக்டராக இருந்தவர். இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊரின் நூலகத்துக்குத் திருநெல்வேலிக் கலெக்டரின் பெயர் வந்ததன் காரணம், அக்காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகாவும் சாத்தூர்த் தாலுகாவும் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தமையே. 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உண்டாக்கப்பட்டபோது இவை அதனுள் சென்றன. 1985-இல் அதுவும் பிரிக்கப்பட்டு, இப்போதைய மாவட்டம் அமைந்தது. ஒரே ஊரின் தஸ்தாவேஜுகள் மூன்று மாவட்டங்களின் பெயரால் மூன்று இடங்களில் சிதறியிருப்பதை அறியாமல் தேடுகிறவன், ஒன்றும் கிடைக்கவில்லை என்று சலித்துத் திரும்புவான். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்ரீவில்லிபுத்தூரை எழுத விரும்புகிறவன் விருதுநகர் என்ற தலைப்பில் தேடிப் பயனில்லை, 1879-இல் ஏ. ஜே. ஸ்டூவர்ட் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்டக் கையேட்டை எடுக்க வேண்டும். 1917-இல் வெளிவந்த பேட் என்பவரின் திருநெல்வேலி கெஜட்டியர் அதைவிட விரிவானதுதான்; ஆனால் அதற்குள் ஊர் மாவட்டம் மாறிவிட்டது.

இந்த அறிவு வெறும் ஏட்டுச் சரக்கன்று என்பதற்குப் பூமணியின் ‘அஞ்ஞாடி’ சாட்சி. கரிசலைச் சேர்ந்த பூமணி, ‘பிறகு’, ‘வெக்கை’ ஆகிய நாவல்களால் முன்பே பெயர் பெற்றவர். தாம் கண்டும் கேட்டும் அறிந்த வாழ்விலிருந்தே அவற்றை எழுதினார். ஆனால் 1895-இல் கழுகுமலையிலும் 1899-இல் சிவகாசியிலும் நடந்த கலவரங்களை நாவலாக்கப் புகுந்தபோது, நினைவு மட்டும் போதாதாயிற்று. பெங்களூரிலுள்ள கலை நிறுவனம் ஒன்றின் ஆய்வு நல்கையைப் பெற்று, வாய்மொழிச் செய்திகளோடு ஆவணங்களையும் தேடித் திரட்டி, அவர் எழுதி முடித்த ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட அந்த நாவல் 2012-இல் வெளிவந்து, 2014-இல் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. அந்தச் சிவகாசியும் 1899-இல் திருநெல்வேலி மாவட்டத்து ஊரே.

அக்காலத்தை எழுத முனையும் வேறு எவருக்கும் உதவக்கூடிய மூலங்கள் இன்னும் இரண்டைச் சொல்லலாம். அக்கலவரங்களில் ஒரு தரப்பாயிருந்த நாடார் சமூகத்தின் வரலாற்றை ஆராய்ந்து அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நூல் ஒன்று. மற்றொன்று, 1897-இல் அச்சமூகத்தாரின் கமுதிக் கோயில் நுழைவைத் தொட்டுக் கிளம்பி, 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று முடிந்த வழக்கின் தீர்ப்பு. நீதிமன்ற ஏடுகளைக் கதாசிரியர்கள் போதுமான அளவு மதிப்பதில்லை. யார் எங்கே நின்றார், எந்த வாசல் வழியாக வந்தார், யார் முதலில் பார்த்தார் என்று வக்கீல்கள் துருவித் துருவிக் கேட்ட கேள்விகள், நல்ல நாவலாசிரியன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளே அல்லவா? பழைய பத்திரிகைகளுக்கும் அச்சு நூல்களுக்கும் 1994-இல் அமைந்த சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், வீட்டிலிருந்தே படிக்கத்தக்க தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன.

ஆவணம், அகராதி, நூலகம் என்று அடுக்கிக்கொண்டே போனால், படித்தவர்களுக்கு மட்டுமே கதை உரியதோ என்ற ஐயம் எழக்கூடும். அதற்கு விடை மேலாண்மை பொன்னுச்சாமி. விருதுநகர் மாவட்டத்து மேலாண்மறைநாட்டில் 1951-இல் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தம் கிராமத்திலேயே பலசரக்குக் கடை நடத்தியவர் அவர். ‘மின்சாரப் பூ’ என்ற சிறுகதைத் தொகுப்புக்காக 2007-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அந்தக் கடைக்காரரைத் தேடி வந்தது. கிராமத்துக் கடையைப்போல் கதைக்கு உகந்த இடம் வேறு எது? யாருக்குக் கடன் ஏறுகிறது, யார் வீட்டில் விருந்து, யார் இன்று அரைக்கால்படியோடு நிறுத்திக்கொண்டார் என்பதெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் இருப்பவனுக்குச் சொல்லாமலே விளங்கும். ஆனால் கடை மட்டும் அவரை எழுத்தாளராக்கிவிடவில்லை. ஓயாத வாசிப்பும், மதுரையிலிருந்து வெளிவந்த ‘செம்மலர்’ போன்ற ஏடுகளும், முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் தோழமையும் அவரைப் பக்குவப்படுத்தின. எழுதியதைக் கேட்க நாலு பேர் இருந்தார்கள் என்பதை அவர் வரலாற்றிலிருந்து நீக்கிவிட முடியாது. 1970-இல் சென்னையில் தோன்றிய இலக்கியச் சிந்தனை என்னும் அமைப்பு, மாதந்தோறும் பத்திரிகைகளில் வந்த கதைகளில் சிறந்ததொன்றைத் தேர்ந்து பாராட்டியதையும் இங்கே நினைக்கலாம். அதன் ஆண்டுத் தொகுப்புகளை வரிசையாகப் படிப்பதே ஒரு பயிற்சிதான்.

ராஜபாளையத்தின் மேற்கே உள்ள மலைக்காடுகள் இன்னொரு வகையான மூலம். அவ்வூரின் எழுத்தாளர் கொ. மா. கோதண்டம், மலைவாழ் பளியர்களிடையே பழகி, அவர்கள் வாழ்வைக் கதைகளாக்கினார். சிறுவர்களுக்காக எழுதிய ‘காட்டுக்குள்ளே இசைவிழா’வுக்கு 2012-இல் பால சாகித்திய புரஸ்காரம் பெற்றார். பிறருடைய வாழ்வை எழுதுவதில் ஒரு கடமை இருக்கிறது. காட்டுக்கு ஒருமுறை போய்வந்து, தேனெடுக்கிறவனைத் தூரத்திலிருந்து கண்டு, அவனைக் கள்ளங்கபடமற்ற வனதேவனாக எழுதிவிடுவது சுலபம். அவன் தேனை யாரிடம் என்ன விலைக்குக் கொடுக்கிறான், மலையிறங்கி எந்தக் கடையில் அரிசி வாங்குகிறான், எந்த அதிகாரியைக் கண்டால் ஒதுங்குகிறான் என்பதை அறிவதற்கு வருஷக்கணக்கான பழக்கம் வேண்டும். காலமும் முக்கியம். இந்த மலைப்பகுதியில் 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது. 1970-இல் காட்டுக்குள் நடக்கும் கதையும் இன்று நடக்கும் கதையும், மரங்கள் அவையே ஆனாலும், ஒரே சட்டத்தின் கீழ் நடப்பவை அல்ல.

எழுதப்படாமல் கிடக்கும் சொற்களஞ்சியம் இப்பகுதியில் இன்னும் மிகுதி. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்லையும் அதைத் தொடர்ந்து எழுந்த ஆலைகளையும் சார்ந்து தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. சங்கு ஊதும் நேரம், ஷிப்ட் மாறும் நேரம், பஞ்சு படிந்த தலைமுடி, மேஸ்திரியின் கெடுபிடி ஆகியவற்றைச் சுற்றி அங்கே ஒரு பேச்சே வளர்ந்திருக்கிறது. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யப்படுகிறது. பாவு ஓடுவது முதல் வெளுப்பு முடிந்து துணி மடிவது வரை ஒவ்வொரு படிக்கும் அங்குள்ளவர்களிடம் பெயர் உண்டு. கரிசல் விவசாயத்தின் சொற்களுக்கு ஒரு ராஜநாராயணன் வாய்த்ததுபோல், இத்தொழில்களின் சொற்களுக்கும் ஒருவர் வாய்க்க வேண்டும். தனியொருவர் வாய்க்காவிட்டால் பலர் கூடியும் செய்யலாம். கூடுவதற்கு இடப் பஞ்சம் இல்லை. சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாக 1949 முதல் 1952 வரை இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா, தாம் வாழ்ந்த வீட்டையே கலைக்கென்று ஈந்ததால் உண்டான காந்தி கலை மன்றம் ராஜபாளையத்தில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. மாதம் ஒருமுறை இங்கும் அங்குமாக மாறிமாறிக் கூடி, அச்சில் வந்த நல்ல கதை ஒன்றையும் அச்சேறாத சொந்தக் கதை ஒன்றையும் வாய்விட்டு வாசித்து, அழகிரிசாமி மலேயாவில் செய்ததுபோல் தாட்சண்யமின்றி விவாதிக்கலாம்.

சொல் திரட்டுவதற்கு ஒரு முறையையும் சொல்லி வைக்கிறேன். அகரவரிசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வேலை நடக்கும் வரிசையிலேயே குறிக்க வேண்டும். தறிக்கூடத்தில் காலையில் முதலில் செய்யப்படுவது எது, அதைச் செய்பவர் யார், அதற்கு என்ன பெயர், அது பிசகினால் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று ஒருநாளின் ஓட்டத்தை அப்படியே நோட்டில் இறக்கினால், சொல்லோடு மனிதர்களும் அவர்களுக்குள் உள்ள ஏற்றத்தாழ்வும் சேர்ந்தே வந்துவிடும். நூல் சுற்றும் பெண்களிடமும் வேலையிலிருந்து ஓய்ந்த முதியவர்களிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்; இரு சாரார் சொல்லுவதும் ஒத்துப்போகாத இடங்களை அழிக்காமல் இரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த நோட்டை வைத்து ஒரு கதை எழுதியானபின், அதைச் சென்னைப் பத்திரிகைக்கு அனுப்புமுன், சத்திரப்பட்டித் தறிகாரர் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, எந்த வாக்கியத்தில் அவர் குறுக்கிட்டு “அப்படி இல்லீங்க” என்கிறாரோ, திருத்தத்தை அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கலாம்.